குட்டிக்குப் பசிக்காத நாள்கள்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஈப்போவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், விபத்துக்கு இழப்பீடு கேட்டு வரும் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவில் பதினாறு வருடங்களாக இருக்கிறேன். காரை இடித்துக்கொண்டவர்கள் அனுப்பும் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பேன். நேற்று அடிபட்டதாகச் சொல்லும் கதவின் நசுங்கலில் துரு ஏறியிருந்தால் அது நேற்றைய அடி இல்லை. மழையில் வழுக்கியது என்று எழுதியிருப்பார்கள், படத்தில் தார்ச்சாலை காய்ந்து கிடக்கும். இப்படி நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கண் மட்டும் ஓய்வெடுத்துக்கொள்ளுமா? மீன் விற்பவன் மீனைத் திருப்பிப் போடும் விதம்கூட எனக்கு ஏதோ மறைப்பதுபோலத்தான் தெரியும்.

குட்டி வந்தது போன வருடக் கடைசியில். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பழைய தோட்டம். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், பிறகு செம்பனையையும் வெட்டி வீட்டுமனை போட்டார்கள். கோயில் மட்டும் இன்னும் நிற்கிறது. உறவுக்காரக் குழந்தைக்கு முடியிறக்க அங்கே போயிருந்தோம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நான்கு குட்டிகள் கத்திக்கொண்டு கிடந்தன. தாய் நாய் லாரியில் அடிபட்டுப் போய்விட்டதாம்.

"நாளைக்கு நாய் புடிக்கிற ஆளுங்க வந்து புடிச்சிட்டுப் போயிருவாங்கக்கா. வேணும்னா ஒண்ணு எடுத்துக்கங்க," என்றார் கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தவர்.

கறுப்பாக இருந்த ஒன்றை எடுத்துச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டேன். கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என் கணவர் அதைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். இதை யாரு லா பாக்குறது?"

"நான் பாத்துக்குறேன்."

"அப்ப நீயே பாத்துக்க. என்னைக் கேக்காதே."

அவர் கமுந்திங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரப் பழுது பார்ப்பவர். நாங்கள் இருப்பது செம்மோர் பக்கம், மலையடிவாரத்தில் வரிசை வீடுகள் கட்டிய ஒரு தாமானில். அவர் காலை ஆறேகால் மணிக்குக் கிளம்புவார், நான் ஏழே முக்காலுக்கு. சாயங்காலம் ஆறரைக்கு முன்னும் பின்னுமாகத் திரும்புவோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பகலில் வீடு பூட்டியே கிடக்கும்.

இரண்டு மாதக் குட்டியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவது என்னவென்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. குசினியில் அடுப்பிலிருந்து தள்ளி ஒரு மூலையைப் பழைய கம்பித் தடுப்பால் அடைத்து, தரை முழுக்க நாளிதழ் விரித்து, சாதத்தில் கோழி ஈரல் பிசைந்து வைத்துவிட்டுக் கிளம்புவேன். நாலு வேளை சாப்பிட வேண்டிய வயது. அதனால் மதிய இடைவேளையில் காரை விரட்டிக்கொண்டு வருவேன். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். நடுவில் இருக்கும் இருபது நிமிடத்தில் நனைந்த தாளைச் சுருட்டி, தரையைத் துடைத்து, சோறு வைத்து, அது என் கால்விரலைக் கடிப்பதைப் பொறுத்துக்கொண்டு, மறுபடி அடைத்துவிட்டு ஓடுவேன். நான் கதவைச் சாத்தியதும் தொடங்கும் அழுகை காரில் ஏறும்வரை கேட்கும். மூன்று வாரம் இப்படி ஓடியது. மதியச் சாப்பாட்டை நான் சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போதெல்லாம் சாப்பிட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வயதான சீனர் தனியாக இருந்தார். அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்களோடு மலாயில்தான் பேசுவார், என்னை மட்டும் சீனத்தில் அமோய், பெண்ணே, என்பார். ஒருநாள் வேலியோரம் நின்று, "அமோய், உன் நாய் பகலெல்லாம் அழுகிறது. எனக்கு மதியம் தூக்கம் போய்விட்டது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நான் அதை மனதில் ஒரு பக்கம் குறித்துக்கொண்டேன்.

நான்காவது வாரம் என் மேலாளர் கூப்பிட்டு, மதிய இடைவேளை முடிந்து தினமும் பத்து நிமிடம் தாமதமாக வருகிறேன் என்றார். நாய்க்குட்டி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "இனிமே சரியா வந்துருவேன்," என்றேன். மதியம் வீட்டுக்குப் போவதை அன்றோடு நிறுத்தினேன். பெரிய கிண்ணத்தில் சோறும் இன்னொன்றில் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்தால் குட்டி பசியில் என் மேல் பாயும், தாளெல்லாம் கிழிந்து கிடக்கும். குற்றவுணர்ச்சியோடு சுத்தம் செய்வேன்.

பிறகு ஒரு வாரத்தில் அந்தப் பாய்ச்சல் நின்றுபோனது.

கதவைத் திறந்தால் குட்டி சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வரும். சோறு வைத்தால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். முதலில் உடம்புக்கு ஏதோ என்று பயந்தேன். வயிற்றைத் தடவிப் பார்த்தேன். உருண்டையாக, இறுக்கமாக இருந்தது. வயிறு நிறைந்த நாயின் வயிறு.

அடுத்து, தாள். காலையில் நான் விரித்தது மரண அறிவிப்புகள் வந்த பக்கம். அந்த முகங்களின் மேல் குட்டி அசிங்கம் செய்யுமே என்று மனம் உறுத்தியதால் நன்றாக நினைவிருந்தது. சாயங்காலம் தரையில் கிடந்தது காற்பந்துப் பக்கம்.

கொஞ்ச நேரம் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் தாளைக் கிழிக்கும், இழுக்கும், தின்னும். பக்கத்தை மாற்றி விரிக்காது.

அன்று என் கணவர் வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "நீயே மாத்திப் போட்டுட்டு மறந்திருப்ப. ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதே லா."

மறுநாள் காலையிலிருந்து படம் எடுக்கத் தொடங்கினேன். கிண்ணம் இருக்கும் இடம், தாளின் பக்கம், தண்ணீரின் அளவு. சாயங்காலம் அதே கோணத்தில் இன்னொரு படம். நான்கு நாள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே இல்லை. பகலில் யாரோ வீட்டுக்குள் வருகிறார்கள். வந்து, நாய்க்குச் சோறு போட்டு, சுத்தம் செய்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பின் வரிசையில் அந்த மாதம் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்திருந்தது. கைப்பேசியில் இருக்கும் தாமான் குழுவில் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். திருடர்கள் இப்போதெல்லாம் முதலில் நாயைத்தான் சிநேகம் பிடிக்கிறார்கள், தினம் தீனி போட்டுப் பழக்கிவிட்டால் அது குரைக்காது, பிறகு ஒருநாள் வந்து துடைத்துக்கொண்டு போவார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். அதன் கழுத்து ரோமத்தில் சிகரெட் வாடை அடித்தது.

எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. என் கணவர் விட்டுப் பத்து வருடமாகிறது. பக்கத்து வீட்டு அங்கிள்தான் வாசலில் நாற்காலி போட்டு ஒன்று மாற்றி ஒன்றாகப் பற்றவைப்பவர்.

சனிக்கிழமை காலை சமையல் வாயுத் தோம்பு கொண்டுவந்தவர் குட்டியைப் பார்த்ததும் பயந்து, தோம்பை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "டுடோக்! டுடோக்!" என்று கத்தினார். மலாயில் உட்கார் என்று அர்த்தம். குட்டி உடனே உட்கார்ந்தது. முதுகை நிமிர்த்தி, வாலைத் தரையில் அடித்துக்கொண்டு, ஏதோ கிடைக்கும் என்பதுபோல அவர் கையைப் பார்த்தது.

"பாண்டாய்," என்று பாராட்டிவிட்டு அவர் போய்விட்டார். நான் அதனிடம் தமிழில்தான் பேசுவேன். அந்தச் சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மலாய் பேசும் யாரோ, நாள்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்து பழக்கியிருக்கிறார்கள்.

சிகரெட், மலாய், பகல் தூக்கம் போனதென்ற புகார். கடைசியாகச் சாவி நினைவுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது குழாய் உடைந்து தண்ணீர் ஓட, அடுத்த முறை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பின்கதவுச் சாவி ஒன்றை அங்கிளிடம் கொடுத்திருந்தோம். திருப்பி வாங்கவே இல்லை.

நான் வெளியே வந்தபோது என் கணவர் காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அங்கிள் அவர் வாசலில் பூந்தொட்டிகளைத் திருப்பிவைத்துக்கொண்டிருந்தார். வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அங்கிள், எங்கள் வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறதா?"

"இருக்கிறது. ஏன்?"

"அதை எடுத்துக்கொண்டு பகலில் எங்கள் வீட்டுக்குள் போனீர்களா?"

அவர் கையிலிருந்த பூந்தொட்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் பார்த்தார். நெடுநேரம் அங்கேயே பார்த்தார். குழாய்த் தண்ணீர் காரின் மேல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கோரிக்கைக்காரர்கள் இப்படித்தான் பார்வையைத் திருப்புவார்கள் என்று நினைத்தேன். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது.

"நான் போகவில்லை," என்றார் கடைசியில். "எனக்கு நாய் என்றால் பயம்." கால்சட்டையைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். பழைய கடித் தழும்பு, பல் பட்ட இடங்கள் வெளுத்துப் பளபளவென்று இருந்தன.

"அப்படியென்றால் யார்? சாவி உங்களிடம்தானே இருக்கிறது?" என்று குரலை உயர்த்தினேன். எதிர்வீட்டுப் பெண் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"விடு லா," என்றார் என் கணவர் பின்னாலிருந்து. "உள்ள வா."

அங்கிள் வீட்டுக்குள் போனார். சாவியோடு திரும்பி வந்தார். நாங்கள் கொடுத்தபோது கட்டியிருந்த சிவப்பு நூல் அப்படியே இருந்தது, நிறம்கூட மங்கவில்லை. வேலிக்கு மேலே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அங்கிள் சொல்லி இரண்டு வேலையாட்கள் வந்து, எங்களுக்கும் அவருக்கும் இடையே இருந்த கம்பி வேலியில் ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தார்கள். நாள் முழுக்க டிரில் சத்தம். "பாத்தீங்களா? தப்பு செஞ்சவருக்குத்தானே மறைப்பு வேணும்," என்றேன். என் கணவர் பசியாறிக்கொண்டிருந்தார். தோசையை மிகச் சின்னச் சின்னதாகப் பிய்த்தது நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் குட்டிக்குப் பசிக்கவில்லை.

சாவி என் கைப்பையில். தகரம் வேலியில். குட்டியின் ரோமத்தில் சிகரெட் வாடை. குசினி நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்கு எத்தனை சாவிகள் இருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணினேன். இரண்டு என்னிடம். இன்னொன்று.

இன்னொன்றைப் பற்றி நினைக்க மனம் வரவில்லை. "ஒரு கேமரா வாங்கி மாட்டிருவோம்," என்று என் கணவர் வந்ததும் சொன்னேன். முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நாய்க்கு எதுக்கு லா கேமரா?" என்றார். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவே அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஒரு காரைப் பார்த்துவர அலுவலகத்தில் என்னைத் தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். வேலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது. அங்கிருந்து எங்கள் தாமான் கால்மணி நேரம். ஈப்போவுக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பில் நான் திரும்பவில்லை.

எங்கள் வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி, விளையாட்டுத் திடலின் ஓரத்து மர நிழலில் ஒரு கார் நின்றது. வெள்ளி நிறம். இடது பின்விளக்கில் விரிசல், அதன்மேல் ஒட்டிய நாடாவின் ஒரு முனை பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. நம்பரைப் பார்க்காமலே தெரிந்தது. கமுந்திங்கில் நிற்க வேண்டிய கார்.

அப்போது எனக்குக் குட்டியின் நினைவு வரவில்லை. அந்தத் திடலைச் சுற்றியிருக்கும் வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எந்த வீட்டு வாசலில் அவருடைய செருப்பு கிடக்கிறது என்று தேடினேன். இருபது வருடக் கல்யாண வாழ்க்கைக்குப் பிறகு என் மனம் முதலில் போன இடம் அதுதான். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

எந்த வாசலிலும் இல்லை. என் காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கேட் சத்தம் வராமல் திறந்து, கதவில் சாவியைப் போட்டேன். குசினியிலிருந்து குரல் கேட்டது.

"டுடோக். ஆ... பாண்டாய். இன்னொரு தடவை."

தொழிற்சாலைச் சீருடைச் சட்டையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் அவித்த கோழித்துண்டு. பக்கத்தில் பால்டின்னில் நசுக்கிய சிகரெட் துண்டுகள். குட்டி அவர் முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது, ஆனால் இடத்தைவிட்டு எழவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்.

"லீவா?" என்று கேட்டேன்.

அவர் கோழித்துண்டைக் குட்டிக்குக் கொடுத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார். "வேலை போச்சு. எங்க லைனை மூடிட்டாங்க. அஞ்சு வாரம் ஆச்சு."

"அஞ்சு வாரமா?"

"மொத வாரம் தினம் கமுந்திங் வரைக்கும் போயி அங்கேயே சுத்திட்டு வந்தேன். அப்புறம் ஆயர் தாவார்ல ஒரு மில்லுல ஆள் எடுக்குறாங்கன்னு போனேன். வயசைக் கேட்டாங்க. சொன்னேன். கூப்புடுறோம்னாங்க." குட்டி அவர் மடியில் ஏறியது. "ஒருநாள் ஏதோ காகிதம் எடுக்க வீட்டுக்கு வந்தேன். இது அழுதுக்கிட்டு இருந்துச்சு. அப்புடியே ஒக்காந்துட்டேன். மறுநாளும் வந்தேன். வேற எங்க போறது?"

"ஏங்க மலாயில சொல்லிக்கொடுத்தீங்க?"

அந்த நேரத்தில் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. அவரும் கொஞ்சம் யோசித்தார். "தமிழ்ல சொன்னா கெஞ்சுற மாதிரி இருக்கு. கேக்க மாட்டேங்குது."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். எனக்கு வேலியோரத்தில் நின்ற அங்கிளின் கண்கள் நினைவுக்கு வந்தன. என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்த பார்வை. அவர் நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்திருப்பவர்.

"அவருக்குத் தெரியும், இல்ல?"

தலையாட்டினார்.

"நான் அந்த மனுசனைத் திருடன் மாதிரி கேள்வி கேட்டப்ப, நீங்க பின்னால தண்ணி அடிச்சிக்கிட்டு நின்னீங்க."

"சொல்லியிருந்தா எல்லாத்தையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்," என்றார். வேலை போனதை மறைத்தது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. தினம் காலையில் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பியதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அந்தக் குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், அன்று வந்த மூன்று கோரிக்கைகளையும் கேள்வி கேட்காமல் அனுமதித்தேன்.

அன்று சாயங்காலம் இருவருமாக அங்கிள் வீட்டு வாசலில் போய் நின்றோம். நான் பேசத் தொடங்கியபோது என் கணவர் கையைக் காட்டித் தடுத்து, தானே சொன்னார். தடுமாறித் தடுமாறி, வேலை போனதிலிருந்து எல்லாவற்றையும் மலாயில் சொன்னார். அங்கிள் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"தினமும் இவர் வருவதைப் பார்த்தேன்," என்றார் என்னிடம். "முதலில் உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நீ அன்றைக்குக் கேட்டபோதுதான் தெரியாது என்று புரிந்தது. புருசன் பெண்டாட்டி விவகாரம். நான் என்ன சொல்ல முடியும்?"

"மன்னித்துக்கொள்ளுங்கள், அங்கிள்."

"பரவாயில்லை." அவர் முகத்தில் பரவாயில்லை என்று இல்லை.

என் கணவர் தகரத்தைக் காட்டி, தானே கழற்றிவிடுவதாகச் சொன்னார். அங்கிள் தலையசைத்து மறுத்தார்.

"இருக்கட்டும். இனி யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று நான் பார்க்க வேண்டாம். எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

சாவியை மறுபடி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பை ஒன்றை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். எடுத்துக்கொண்டார் போல, அடுத்த நாள் இல்லை. எங்களுக்குப் பதிலுக்கு எதுவும் வரவில்லை. தகரம் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசினோம். அவர் காலையில் சீருடை போடவில்லை. லுங்கியோடு நின்று, நான் காரை எடுக்கும்போது கேட்டைத் திறந்துவிட்டார். பகலில் குட்டியோடு இருந்தார். கணினியில் வேலை தேடினார். நான் அலுவலகத்திலிருந்து காரணமில்லாமல் வீட்டுத் தொலைபேசிக்கு அடிப்பேன். அவர் எடுத்து, "இருக்கேன்," என்பார். இரண்டு பேருக்கும் எதற்கு அடித்தேன் என்று தெரியும். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் அடிப்பதையும் அவர் எடுப்பதையும் நிறுத்த எங்களுக்கு வெகுநாள் பிடித்தது.

அந்த மாதக் கடைசியில் குட்டிக்குத் தடுப்பூசி போட ஈப்போவில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். கூட்டம். பூனைக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். முகப்பில் இருந்த தமிழ்ப் பெண் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். வயது, சாப்பாடு, வெளியே விடுவதுண்டா. நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"பகல்ல வீட்ல யாருக்கா இருக்கா? சின்னக் குட்டி, ரொம்ப நேரம் தனியா விடக்கூடாது."

என் கணவரைப் பார்த்தேன். பக்கத்தில், கமுந்திங்குக்கு முன் அவர் இருந்த தொழிற்சாலையின் நண்பர் ஒருவரின் மனைவி, ஒரு முயலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் முன்புதான் அவர், "அண்ணே, வேலையெல்லாம் எப்படிப் போவுது?" என்று கேட்க, இவர் "ஏதோ போவுது," என்று சொல்லியிருந்தார். இப்போது என்ன சொல்வார் என்று, திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதுபோல அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குட்டியின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"நான்தான் இருக்கேன்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு இப்ப வேலை இல்ல."

அந்தப் பெண் படிவத்தில் எழுதிக்கொண்டாள். முயல் வைத்திருந்தவர் கீழே பார்த்தார். எங்கள் முறை வந்ததும் என் கணவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். ஊசி குத்தும்போது அது கத்தியது. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், அவர் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார்.